இரண்டு படி மண்

வீரலட்சுமியின் கையைப் பற்றி நாரணாபுரத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். அதில் பாதி புளுகு. கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தக் கம்பெனிச் சரக்கு என்று தொட்டுச் சொல்லிவிடுவாள் என்பதெல்லாம் டீக்கடையில் கட்டிவிட்டது. மீதிப் பாதி நிஜம். அதைக் கேட்டாலே ஆள் வாயடைத்துப் போவார், புளுகுக்கு வேலையே இல்லை.

இருபத்தாறு வருடம் ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே அறையில், ஒரே வேலை பார்த்தாள். சலிப்பது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாவற்றையும் கலப்பதற்கு முன்னால் தனித்தனியாகச் சலித்துவிட வேண்டும். பெரிய பருக்கை சல்லடையில் தங்கிவிடும், அதைக் கொட்டிவிடலாம். சல்லடைக்கும் டிமிக்கி கொடுத்துக் கீழே இறங்குகிற பொடி மணல்தான் எமன். கலந்த மருந்தில் ஒரே ஒரு மணல் குருணை கிடந்து உரசினால் போதும், அறையும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சாது. அதனால் சலித்த பொடியைத் தட்டில் பரப்பி, வலது கையின் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றையும் அதன்மேல் ஓட்டிப் பார்ப்பாள். அந்த மூன்று விரலுக்குத் தப்பி ஒரு குருணை போனதில்லை.

ஒரு மத்தியானம் தட்டில் கையை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "எல்லாரும் வெளிய போங்க" என்றாள். போர்மேன் ராஜபாண்டியன் ஓடி வந்தார். அவள் விரல் நுனியில் ஒட்டியிருந்ததைக் காகிதத்தில் தட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காகிதத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்த பிறகுதான் அது கண்ணுக்கே தெரிந்தது. ஒரு குருணை. அன்று முழுக்க அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் பிரித்துக் காட்டினார் மனுஷன்.

சாயங்காலம் மணி அடித்ததும் அவள் அறை வாசலில் நிற்பாள். அறைக்கு நாலு பேர்தான் கணக்கு. மூன்று பேரும் வெளியே வந்த பிறகு தானும் இறங்கி, ராஜபாண்டியனைப் பார்த்து, "நாலும் இருக்கு அண்ணாச்சி" என்பாள். அவர் தலையாட்டுவார். யாரும் அவளைச் சொல்லச் சொன்னதில்லை. இருபத்தாறு வருடத்தில் அந்த நாலு என்ற எண் ஒருநாளும் குறைந்ததில்லை. பக்கத்து ஊர்க் கம்பெனிகளில் வெடித்த சத்தத்தை அவளும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், தெரிந்த முகங்களின் சாவுக்குப் போய் வந்திருக்கிறாள். ஆனால் அவள் அறையில் ஒரு உயிர் போனதில்லை. அவளுக்கு இருந்த ஒரே பெருமை அது. அந்தப் பெருமைக்கு அவள் தகுதியானவள்தான்.

இப்படிப்பட்டவள் வீட்டுக்குள் மண்ணை விடுவாளா? வாசலில் கால் கழுவாமல் யாரும் உள்ளே வர முடியாது. நாளைக்கு மூன்று தடவை கூட்டுவாள். "நம்ம வீட்டுக்குள்ள வாரதுக்கே லைசென்ஸ் எடுக்கணும் போல" என்று அவள் புருஷன் சுப்புராஜ் சொல்லிக்கொண்டே கால் கழுவுவார். அவருக்கு அச்சாபீஸில் பேப்பர் வெட்டுகிற வேலை.

போன ஆடியில் அந்த மூன்று விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. சல்லடை ஆட்டி ஆட்டி மணிக்கட்டில் நரம்பு அமுங்கிவிட்டது என்றார் டாக்டர். வீரலட்சுமி யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒருநாள் தட்டில் விரலை ஓட்டி, சுத்தம் என்று தள்ளி வைத்தாள். ஜன்னல் வெளிச்சம் தட்டில் விழுந்தது. அவள் விரல் இப்போதுதான் போன தடத்தின் நடுவிலேயே ஒரு குருணை மினுங்கியது. கண் பார்த்தது, கைக்குத் தெரியவில்லை.

மூன்று பேரையும் வெளியே அனுப்பிவிட்டு நேரே ராஜபாண்டியனிடம் போனாள். "அண்ணாச்சி, என் கை போச்சு. இனிமே என்னைய அந்த ரூம்ல வைக்காதீக."

தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கிற சீசன். இன்னும் இரண்டு மாதம் சமாளி என்று சொல்லியிருப்பார். அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டார். பெட்டி ஒட்டுகிற பக்கம் போகச் சொன்னார். அவள் கேட்கவில்லை, வேலையையே விட்டுவிட்டாள். தன் ஆயுசுக்கும் பேர் வாங்கிக் கொடுத்த கையைத் தானே காட்டிக்கொடுப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அது நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் அருணாதேவி சிவகாசியில் காலண்டர் டிசைன் போடுகிறவள். அம்மாவின் கண்ணுக்கு ஏதாவது அசைவது கிடைக்கட்டும் என்று இரண்டடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி வாங்கி வந்தாள். தண்ணீர் ஊற்றி, காற்று மோட்டாரும் ஓட விட்டாயிற்று. மீன் மட்டும் வரவில்லை. அடியில் எதைப் பரப்புவது என்பதில் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது.

"அடியில மணலோ கல்லோ போடணும்மா. வெறும் கண்ணாடியா இருந்தா மீன் பயப்படும்."

"மண்ணு என் வீட்டுக்குள்ள வரக்கூடாது. மீனு பயந்தா பயந்துட்டுப் போகட்டும்."

பத்து நாள் வெறும் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

கார்த்திகை ஒன்றாம் தேதி காலையில் சுப்புராஜ் மலைக்கு மாலை போட்டுக்கொண்டு வந்தார். நாற்பத்தெட்டு நாளைக்கு வீட்டில் கவிச்சை கூடாது, அவரைச் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் வந்து உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகவில்லை, காரியாபட்டியிலிருந்து வீரலட்சுமியின் தம்பி கண்ணுச்சாமி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் ஒரு குடம். குடம் நிறைய உயிர் அயிரை மீன். ஊர்க் கண்மாய் மடையில் மழைத் தண்ணீருக்கு ஏறியதை வாரிக்கொண்டு வந்திருக்கிறான்.

"மச்சான், அயிரை! துள்ளத் துள்ளக் கொண்டாந்திருக்கேன். அக்கா, மசாலாவ அரை" என்று உள்ளே நுழைந்தவன், கழுத்தில் துளசி மணி மாலையோடு உட்கார்ந்திருக்கும் மச்சானைப் பார்த்துக் குடத்தோடு நின்றான்.

"சாமி சரணம்" என்றார் சுப்புராஜ் சோகமாக. அயிரைக் குழம்பென்றால் அவருக்கு உயிர்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். குடத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு யார் கைக்கும் சிக்காமல் கொஞ்சம் மிஞ்சியது. "சாமி மாலையக் கழட்டுற வரைக்கும் இதுக உள்ள கெடக்கட்டும், அன்னைக்கு நான் வந்து கொழம்பு வச்சுத் தாரேன்" என்று கண்ணுச்சாமி அவற்றைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான். வீரலட்சுமி எண்ணினாள். பதினான்கு.

வெறும் கண்ணாடி அடி. அவளுக்கு அதில் ஒரு திருப்தியும் இருந்தது. அயிரை ஆய்கிறவர்களுக்குத் தெரியும், அதன் வாயிலும் வயிற்றிலும் மண் இருக்கும். அதைக் கக்க வைக்கப் பாலில் போடுவார்கள், கல் உப்பில் அலசுவார்கள். இதுவும் நல்ல தண்ணீரில் கிடந்து மண்ணைக் கக்கிச் சுத்தமாகட்டும் என்று நினைத்தாள். சலிக்கிற அறைக்காரிக்கு வேறு எப்படித் தோன்றும்? தொட்டி அடியில் விழுந்த மண்ணை ரப்பர் குழாய் வைத்து உறிஞ்சி உறிஞ்சி வெளியேற்றினாள்.

மீன்கள் நிலைகொள்ளவில்லை. விரல் நீளம்கூட இல்லாத அந்தப் பதினான்கும் கண்ணாடியோடு கண்ணாடியாக மேலே ஏறின, கீழே இறங்கின, மூலையில் முட்டின. மூன்றாம் நாள் காலை இரண்டு வெளியே குதித்துத் தரையில் காய்ந்து கிடந்தன. நாலாம் நாள் ஒன்று மூக்கு சிவந்து மிதந்தது.

"பதினொண்ணு" என்றாள் வீரலட்சுமி. மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். குழம்புக்கு வந்த மீன்தானே என்று மகள் சொன்னாள். நியாயம்தான். ஆனால் இந்தக் கண்ணாடி அறைக்கு அவள்தான் பொறுப்பு, அதில் ஆள் குறைகிறது. இருபத்தாறு வருடம் குறையாத எண் இப்போது குறைகிறது என்றால், போனது கை மட்டும்தானா, தானே மொத்தமாகப் போய்விட்டோமா என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. இனி ஒன்றுகூடப் போகக் கூடாது. அதற்காக வீட்டுக்குள் மண் வந்தாலும் வரட்டும்.

"கடைக்குப் போவோம் வா தாயி" என்றாள்.

சிவகாசி மீன் கடையில் நீலக் கல், சிவப்புக் கல், வெள்ளைச் சல்லி, கோலிக்குண்டு என்று டப்பா டப்பாவாக இருந்தது. வெள்ளைச் சல்லி பளிச்சென்று மகளுக்குப் பிடித்திருந்தது. வீரலட்சுமி அதில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்து ஜூஸ் கடையில் அரை எலுமிச்சம்பழம் வாங்கி வந்து கல்லில் பிழிந்தாள். கல் நுரைத்தது. "இது நம்மூருச் சுண்ணாம்புக்கல்லு. தண்ணியில கரையும், மீனுக்கு ஆகாது" என்றாள். கடைக்காரர் அந்த டப்பாவை மூடி வைத்தார். சரி என்று நீலக் கல் வாங்கி வந்து போட்டார்கள். அயிரை கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தலையை நுழைத்து நுழைத்துப் பார்த்தது. மறுநாள் ஒன்று இடுக்கில் மாட்டி, வர முடியாமல் செத்துக் கிடந்தது. பத்து.

"அதுக்குப் புதையணும்மா" என்றாள் அருணாதேவி போனைப் பார்த்துக்கொண்டே. "கல்லு பத்தாது. மண்ணுதான் வேணும்."

ஆற்று மணல் இப்போது குதிரைக்கொம்பு. தெருமுனையில் வீடு கட்டுகிற இடத்தில் எம்-சாண்ட் மலையாகக் கிடந்தது. கேட்டுவிட்டு ஒரு சட்டி அள்ளி வந்தாள். மாதக்கணக்காகத் தொடாத சல்லடையை எடுத்தாள். முதலில் பெரிய கண், பிறகு சின்னக் கண், கடைசியில் துணியில் வடித்துத் தூசி போகக் கழுவினாள். ஒரு குருணைக்கும் இன்னொரு குருணைக்கும் வித்தியாசம் சொல்ல முடியாதபடி அப்படி ஒரு அளவு. சுப்புராஜ் பார்த்துவிட்டு, "சாமி சரணம், ரவை மாதிரி இருக்கே" என்றார். பல மாதத்துக்குப் பிறகு வீரலட்சுமி அன்றைக்குச் சிரித்தாள்.

மண்ணைப் பரப்பித் தண்ணீர் தெளிந்ததும் பத்து மீனையும் விட்டாள். ஒரு நிமிடம் பத்தும் அடியில் நின்றன. பிறகு ஒரு உலுக்கல். பத்தும் இல்லை! தொட்டியில் மண் மட்டும்தான் கிடந்தது. பதறிப்போய்க் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். மண்ணுக்குள்ளிருந்து கடுகு கடுகாகக் கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரத்தில் ஒன்று வெளியே வந்தது. வாய் ஓரத்து மீசையால் மண்ணைத் தடவியது. வாய் நிறைய மண்ணை எடுத்தது. அசையாமல் நின்றது. பிறகு இரண்டு பக்கத்துச் செவுளிலிருந்தும் மண் மெல்லிசாக, பொலபொலவென்று கீழே இறங்கியது. தின்பதற்கு உள்ளது உள்ளே தங்கிவிட்டது, மண் மட்டும் வெளியே வந்துவிட்டது. மறுபடி வாய் நிறைய மண். மறுபடி சலிப்பு.

வீரலட்சுமி எழுந்துவிட்டாள். மயிர்க்கூச்செடுத்தது. "சாமி! இங்கன வாங்க, ஓடியாங்க! இது சலிக்குது. அம்புட்டு மண்ணையும் வாயிலயே சலிக்குது!"

சுப்புராஜ் வந்து பார்த்தார். "ஒன் இனந்தான்" என்றார்.

இருபத்தாறு வருடத்தில் இந்த வேலையைத் தன்னைப் போலச் செய்கிற இன்னொருவரை அவள் பார்த்ததில்லை. எத்தனை தலைமுறையாக எத்தனை அயிரையை அவள் வீட்டில் குழம்பு வைத்துத் தின்றிருப்பார்கள்! அந்த வாய்க்குள் இப்படி ஒரு சல்லடை இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாதே. கையில்லை, காலில்லை, விரல் நீளத்து உடம்பு, அதற்கு இப்படி ஒரு வித்தையை யார் கொடுத்தது? அன்றைக்குச் சோறு தண்ணீர் இல்லாமல் தொட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மகள் வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டபோதும் அங்கேயேதான் இருந்தாள்.

எட்டு நாள் சந்தோஷம். ஒன்பதாம் நாள் ஒரு மீனின் மீசை குட்டையாகத் தெரிந்தது. அடுத்த நாள் இன்னொன்றுக்கு வாய் சிவந்திருந்தது. பன்னிரண்டாம் நாளுக்குள் நாலு மீன் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் வாய்தான் புண்.

அருணாதேவி ஒரு சிட்டிகை மண்ணை வெள்ளைக் காகிதத்தில் வைத்து, போன் கேமராவில் பெரிசு பண்ணி அம்மாவிடம் காட்டினாள். குருணை எல்லாம் ஒரே அளவுதான். ஆனால் ஒவ்வொன்றும் உடைந்த கண்ணாடி மாதிரி முனை முனையாக நின்றது. பாறையை இயந்திரத்தில் நொறுக்கி எடுத்த மணல், வேறு எப்படி இருக்கும்?

"இதையா நான் அதுக வாயில கொடுத்தேன்?" என்றாள் வீரலட்சுமி. தன் மூன்று விரலால் அந்த மண்ணைத் தேய்த்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. பழைய கையாக இருந்தால் சட்டியில் தொட்டவுடனே தெரிந்திருக்கும். அளவை மட்டும் பார்த்தாள், முனையைப் பார்க்க அவளிடம் கை இல்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். வேலையை விட்ட அன்றைக்கும் அவள் அழவில்லை.

அழுதுகொண்டே மீதி ஆறையும் ஒரு அகலச் சட்டிக்கு மாற்றினாள். அடியில் எதுவுமில்லாமல் விட மனமில்லை. கம்பெனிக்குக் கட்டிப்போன பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டைக் கிழித்து நனைத்துப் போட்டாள். ஆறும் அதற்கடியில் போய் ஒளிந்துகொண்டன. பிறகு தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஏலே கண்ணுச்சாமி, அந்த அயிரைய எங்கன பிடிச்ச? அது எதுமேல கெடந்துச்சு?"

"மடைக்குக் கீழ, மண்ணுமேலதான். ஏங்க்கா?"

"அந்த மண்ணுல ஒரு சாக்கு அள்ளிட்டு வா."

"மீனக் கொண்டாந்தா கொழம்பு வைப்பாக. நீ என்னக்கா மண்ணக் கேக்குற?" என்று சிரித்தான். ஆனாலும் மறுநாளே கொண்டு வந்து இறக்கினான். அக்கா குரலில் ஏதோ இருந்ததென்று பிறகு சொன்னான்.

மடை மண் வேறு மாதிரி இருந்தது. தண்ணீர் வருடக்கணக்காக உருட்டி உருட்டி முனையெல்லாம் மழுங்கிப்போன மண். போன் கேமராவில் ஒவ்வொரு குருணையும் உருண்டையாகத் தெரிந்தது. அருணாதேவி கட்டாயப்படுத்தியதால் அதைப் பெரிய பாத்திரத்தில் கொதிக்க வைத்தார்கள். "மண்ணுக்கு உலை வச்ச வீடு நம்ம வீடுதான் சாமி" என்றார் சுப்புராஜ். கழுவும்போதுதான் மகள் கண்ணில் ஒரு பச்சைத் துண்டு பட்டது. பீர் பாட்டில் சில்லு. மடையில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள் பாட்டிலை அங்கேயே உடைத்துப்போட்டுவிட்டு வருகிறார்கள், நாசமாய்ப் போகிறவர்கள். பெரிய சில்லு சல்லடையில் தங்கிவிடும். மண்ணளவே உள்ள சில்லை எப்படிப் பிடிப்பது? நனைந்த மண்ணில் கண்ணாடி கண்ணுக்கும் தெரியாது. இருக்கிற ஆறு மீனும் அந்தச் சில்லை வாயில் எடுக்கும்.

சட்டிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சேலைத் துண்டுக்கு அடியிலிருந்து ஒரு மீன் தலையை நீட்டியது. துணியில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்றை வாயில் எடுத்தது, புரட்டியது, வேண்டாமென்று துப்பியது. வீரலட்சுமி அதையே பார்த்தாள்.

கம்பெனியில் அவள் புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்லும் முதல் வார்த்தை, கையை வாய்கிட்டக் கொண்டுபோகாதே என்பதுதான். மருந்து விஷம். இருபத்தாறு வருடத்தில் வேலை நேரத்தில் அவள் கை அவள் உதட்டைத் தொட்டதில்லை. இப்போது ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துக் கீழுதட்டில் வைத்து, நாக்கு நுனியால் மெல்லத் தள்ளினாள்.

தெரிந்தது! ஒவ்வொரு குருணையும் தெரிந்தது. விரலில் இத்தனை வருடம் இருந்தது எங்கும் போய்விடவில்லை, உதட்டிலும் நாக்கிலும் அப்படியே இருக்கிறது. துப்பினாள். அடுத்த சிட்டிகை. அடுத்தது.

பூஜைக்குப் பூ எடுத்துக்கொண்டு வந்த சுப்புராஜ் பதறிப்போனார். "ஏ புள்ள, என்ன செய்யுறே? மண்ணையா திங்கிறே?"

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். நாக்கு நுனியிலிருந்து எதையோ எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தை வெயிலில் சாய்த்தார். ஊசி முனையளவு பச்சையாக ஒன்று மினுங்கியது.

"சாமியே" என்று உட்கார்ந்துவிட்டார். அது சரணம் சொன்னதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

தொட்டிக்கு ஒரு விரல்கடை கனத்துக்கு இரண்டு படி மண் தேவைப்பட்டது. அந்த இரண்டு படியையும் சிட்டிகை சிட்டிகையாக உதட்டில் வைத்துத் தள்ளினாள். ஆறு நாள் ஆயிற்று. உதடு வெடித்தது, எண்ணெய் தடவிக்கொண்டு செய்தாள். காரம் தின்ன முடியவில்லை, மோர்ச் சோறு தின்றாள். பதினேழு சில்லு வந்தது. ராஜபாண்டியன் கேள்விப்பட்டு ஒருநாள் வந்தார். வாசலில் மறக்காமல் கால் கழுவிவிட்டு வந்து, ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது அந்தப் பதினேழையும் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஏழாம் நாள் மண் தொட்டிக்குள் இறங்கியது. ஆறு மீனும் இறங்கின. ஒரு உலுக்கல், ஆறும் மறைந்தன, பன்னிரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன. பிறகு வாய் நிறைய மண் எடுத்துச் சலிக்க ஆரம்பித்தன. தான் வாயால் சலித்த மண்ணை அதுகளும் வாயால் சலிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தினமும் காலையில் எண்ணினாள். கார்த்திகை முடிந்தது, மார்கழியும் பாதி ஓடியது, ஆறு ஆறாகவே இருந்தது. மீசை மறுபடி வளர்ந்தது.

சுப்புராஜ் மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறுநாள், சொன்ன சொல் தவறாமல் கண்ணுச்சாமி புதிதாக ஒரு குடம் அயிரையோடு வந்தான். "இங்கன வச்சு ஆயக் கூடாது" என்று வீரலட்சுமி சொல்லிவிட்டாள். குழம்பு பக்கத்து வீட்டுப் பாண்டிலட்சுமி அடுப்பில் கொதித்தது. சுப்புராஜ் அங்கே முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். வீரலட்சுமியும் ஒரு வாய் தின்றாள், பொய் சொல்லக் கூடாது. தின்றுவிட்டு வந்து வழக்கம்போல் தொட்டிக்கு முன்னால் குனிந்தாள்.

ஐந்து.

மறுபடி எண்ணினாள். ஐந்துதான். தொட்டிக்கு வெளியே, மேஜைக்கு அடியில், மூலையில் எல்லாம் தேடினாள். இல்லை.

"ஏலே கண்ணுச்சாமி! இதுல கைய வச்சியா?"

கை கழுவிக்கொண்டிருந்தவன் ஓடி வந்தான். "ஆத்தா சத்தியமா இல்லக்கா! ஒன் மீன நான் தொடுவனா?"

அவள் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வலது கையைத் தண்ணீருக்குள் விட்டாள். மரத்துப்போன மூன்று விரலையும் விரித்து மண்மேல் மெல்ல வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்று அவளுக்கும் தெரியும். எடுக்கவும் மனம் வரவில்லை. மகளும் தம்பியும் பின்னால் வந்து நின்றார்கள்.

நடுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் மண் லேசாகக் கலைந்தது. ஒரு மூக்கு வந்தது, நீண்ட மீசை வந்தது, பிறகு உடம்பு முழுவதும் வந்தது. அவள் விரலைத் தலையணை போலச் சாய்ந்துகொண்டு, வாய் நிறைய மண் எடுத்து, அவள் நகத்தின் மேலேயே சலித்துக் கொட்டியது. அவளுக்கு அது கையில் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றதால் கொஞ்ச நேரத்தில் கண்ணிலும் தெரியவில்லை.

கையை எடுக்காமலே தலையைத் திருப்பி, வாசலைப் பார்த்து, கம்பெனி மணி அடித்ததும் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"ஆறும் இருக்கு."